ரீகால்: குடும்ப எஸ்.யூ.வி.களில் வரும் குறைகளும் பழுதுகளும்

விற்றுப்போன வண்டிகளில் பாதுகாப்பைப் பாதிக்கும் குறை ஒன்று இருப்பது பின்னால் தெரியவந்தால், அவற்றைத் தயாரித்த நிறுவனமே வண்டிகளை வரவழைத்துத் தன் செலவில் சரிசெய்து தருவதற்கு ‘ரீகால்’ என்று பெயர். நாளிதழ்கள் இதை ‘கார்களைத் திரும்பப் பெறுகிறது’ என்று எழுதுகின்றன. அந்தச் சொல்லால் வரும் குழப்பம் சிறியதல்ல. நிறுவனம் வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடும் என்று எண்ணுபவர்கள் உண்டு. மறுவிற்பனையில் விலை போகாதே என்று பயந்து செய்தியையே மூடி மறைப்பவர்களும் உண்டு. உண்மையில் நடப்பது மிகச் சாதாரணமான வேலை. சர்வீஸ் சென்டரில் ஒரு பாகத்தை மாற்றுவார்கள், ஒரு வயரை நகர்த்திக் கட்டுவார்கள், அல்லது மென்பொருளைப் புதுப்பிப்பார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வண்டி வீட்டுக்கு வந்துவிடும்.

ரீகாலுக்கு உரிய குறை வேறு, ஓட்ட ஓட்ட வரும் பழுது வேறு. முதலாவது, ஒரே காலத்தில் ஒரே விதமாகச் செய்யப்பட்ட வண்டிகள் அனைத்துக்கும் பிறவியிலேயே அமைந்தது. அந்த வண்டி எங்கே ஓடினாலும், யார் ஓட்டினாலும் அது அங்கே இருக்கும். இரண்டாவது, ஊரின் வெயில், மழை, சாலை, ஓட்டும் பழக்கம் ஆகியவற்றிலிருந்து வருவது. செலவு யாருடையது என்ற கேள்வி இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. பிறவிக் குறை பல சமயம் ஊரின் வெயிலிலும் ஈரத்திலும்தான் வெளியே வருகிறது. திருச்சியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் திருவானைக்காவல் போன்ற இடத்தில் இதை மறக்க முடியாது.

எஸ்.யூ.வி.களின் ரீகால் வரலாற்றில் வெப்பம் முதலிலிருந்தே வருகிறது. அமெரிக்காவில் 1966-ல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதே ரீகால் முறைக்கு அடித்தளம் அமைந்தது. அதைக் கடுமையாக்கியது 2000-ஆம் ஆண்டின் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் விவகாரம். அந்தக் குடும்ப எஸ்.யூ.வி.யில் பொருத்தப்பட்டிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களில், வெப்பமான பகுதிகளில் வேகமாக ஓடும்போது மேல்தோல் உரிந்தது, உயரமான வண்டி உருண்டது. 270-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 65 லட்சம் டயர்கள் ரீகால் செய்யப்பட்டன. அதற்கு முன்பே வளைகுடா நாடுகளிலும் வெனிசுவேலாவிலும் இதே டயர்களை ஃபோர்டு மாற்றித் தந்திருந்தது. வெளிநாட்டில் தெரிந்த குறையை உள்நாட்டு அரசுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் அப்போது இல்லை. அந்த ஓட்டையை அடைத்தது 2000-ல் வந்த புதிய சட்டம். டயரில் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கும் அந்தச் சட்டத்தின் வழியே கட்டாயமாக்கப்பட்டதுதான்.

இந்தியாவில் 2012 வரை ரீகாலுக்கு ஒழுங்கான ஏற்பாடே இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் தன்னார்வ நெறிமுறை ஒன்றைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே அதன் எல்லை தெரிந்துபோனது. 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா 1,14,000 செவர்லே தவேரா வண்டிகளை ரீகால் செய்தது. 2005-லிருந்து செய்யப்பட்ட அந்த வண்டிகளில் புகை அளவுப் பரிசோதனைக்குக் காட்டிய எஞ்சினும் விற்ற எஞ்சினும் ஒத்துப்போகவில்லை என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் வாடகைக்கும் கல்யாணப் பயணத்துக்கும் ஓயாமல் ஓடிய வண்டி அது.

சட்டம் வர மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. 2019-ன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஓட்டுபவருக்கோ, உள்ளே இருப்பவருக்கோ, சாலையில் போகும் பிறருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ கேடு விளைவிக்கும் குறை இருந்தால் ரீகால் செய்யும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். குறை ஒரு பாகத்தில் இருந்தால், எந்த மாடலில் அந்தப் பாகம் இருந்தாலும் எல்லாவற்றையும் வரவழைக்கச் சொல்லலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தன. உரிமையாளர்கள் அரசின் இணையதளத்தில் புகார் பதியலாம். ஒரு மாடலின் விற்பனை எண்ணிக்கைக்கு ஏற்பக் குறிப்பிட்ட அளவு புகார்கள் சேர்ந்தால் விசாரணை தொடங்கும். கட்டாய ரீகால் வரை போனால் அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை. பல்லாயிரம் வண்டி விற்கும் நிறுவனத்துக்கு 1 கோடி பெரிய தொகையல்ல. தானாக முன்வந்து ரீகால் செய்யும் நிறுவனம் இந்த அபராதத்துக்குள் வராது என்பதுதான் இந்த விதிகளின் நடைமுறை வலிமை.

விதிகளின் பலவீனம் வயது வரம்பு. 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே கட்டாய ரீகால் பொருந்தும். இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதை உலகின் மிகப் பெரிய ரீகாலான தகாட்டா ஏர்பேக் விவகாரம் காட்டுகிறது.

ஏர்பேக் என்பது ஒரு நைலான் பை. அதை நொடியின் முப்பதில் ஒரு பங்குக்குள் ஊதவேண்டும். பம்ப் வைத்து அது முடியாது. அதனால் இன்ஃப்ளேட்டர் என்ற உலோகக் குப்பிக்குள் மாத்திரை வடிவில் வெடிமருந்து வைக்கிறார்கள். மோதலின்போது மாத்திரைகள் எரிந்து வாயுவாகிப் பையை நிரப்புகின்றன. ஜப்பானிய நிறுவனமான தகாட்டா இதற்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. விலை குறைவு. ஆனால் பகலில் சூடேறி இரவில் தணிவது ஆண்டுக்கணக்கில் தொடரும்போது, காற்றிலுள்ள ஈரமும் உள்ளே இறங்க, கெட்டியான மாத்திரை பொருபொருவென்று உதிரத் தொடங்கும். கெட்டிக் கற்பூரம் நின்று எரியும், தூளாக்கிப் போட்டால் குப்பென்று பற்றும். அதேதான் இங்கும். உதிர்ந்த மருந்து ஒரே கணத்தில் எரிவதால் குப்பியே வெடிக்கிறது. காப்பாற்ற விரியும் பை வழியாக இரும்புச் சில்லுகள் கழுத்துக்கும் முகத்துக்கும் பாய்கின்றன.

உலகெங்கும் சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்களை மாற்றவேண்டியிருந்தது. அமெரிக்காவில் மட்டும் 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அமெரிக்காவுக்கு வெளியே முதல் உயிரிழப்பு 2014-ல் மலேசியாவில் நடந்தது. ஆண்டு முழுவதும் சூடும் ஈரமும் உள்ள நாடு அது. அமெரிக்க அரசு மாற்று வேலைக்கு வரிசை போட்டபோதும் ஃபுளோரிடா, ஹவாய் போன்ற வெப்ப ஈரப் பகுதிகளையே முதலில் வைத்தது. தகாட்டா 2017 ஜூனில் திவாலானது.

தமிழ்நாட்டோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. 2019 ஜூலையில் ஃபோர்டு இந்தியா 22,690 எண்டெவர் எஸ்.யூ.வி.களின் முன்பக்க ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்களைச் சோதிக்க வரவழைத்தது. 2004 பிப்ரவரி முதல் 2014 செப்டம்பர் வரை சென்னைக்கு அருகே மறைமலை நகர் ஆலையில் செய்யப்பட்டவை அவை. அறிவிப்பு வந்தபோது அவற்றில் மூத்தவற்றுக்கு 15 வயது. இன்றைய விதிகளின்படி அத்தகைய வண்டிக்குக் கட்டாய ரீகால் கிடையாது. மருந்து உதிர்வதோ வயது ஏற ஏறத்தான். அன்று நிறுவனம் தானாக முன்வந்தது. அப்படி முன்வராத ஒன்றை இழுத்துவரச் சட்டத்தில் கயிறு இல்லை. திருச்சியில் அக்னி நட்சத்திரத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு 70 டிகிரி வரை கொதிக்கும். ஆற்றுத் தீவின் ஈரமும் அதோடு சேரும். பழைய எண்டெவர் ஒன்றை வைத்திருப்பவருக்கு இந்த வேலை முடிந்ததா என்பதைவிட முக்கியமான கேள்வி வேறெதுவும் இல்லை.

அண்மைக்கால ரீகால்கள் இவ்வளவு கொடூரமானவை அல்ல. ஆனால் எண்ணிக்கையில் பெரியவை, காரணத்தில் சிறியவை. 2023 ஆகஸ்டில் மஹிந்திரா 1,08,306 எக்ஸ்யூவி700 வண்டிகளை வரவழைத்தது. 2021 ஜூன் 8 முதல் 2023 ஜூன் 28 வரை செய்யப்பட்டவை. எஞ்சின் அறைக்குள் வயர்க் கட்டு போகும் வழி சரியில்லை, உராய்ந்து உராய்ந்து வயர் அறுபட வாய்ப்பு உண்டு என்பது காரணம். அதே அறிவிப்பில் 3,560 எக்ஸ்யூவி400 மின்சார வண்டிகளில் பிரேக் சென்சாரின் ஸ்பிரிங் சரியாகத் திரும்பாத குறையும் இருந்தது. முந்தைய ஆண்டின் இறுதியில், கிளட்ச் இருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் உள்ள ஒரு ரப்பர் உறைக்காக 12,566 எக்ஸ்யூவி700, 6,618 ஸ்கார்பியோ-என் வண்டிகள் வந்தன. இது சப்ளையரின் ஆலையில் தரம் பிரிக்கையில் நேர்ந்த தவறு. எஸ்.யூ.வி.யின் மேல் ஒரு பெயர்தான் இருக்கும். உள்ளே நூற்றுக்கணக்கான சப்ளையர்கள் இருக்கிறார்கள்.

ஒரே பாகம் பல பெயர்களில் ஓடுவதால் ரீகாலும் ஜோடியாக வருகிறது. 2024 பிப்ரவரியில் ஹூண்டாய் 7,698 கிரெட்டா, வெர்னா கார்களையும், கியா 4,358 செல்டோஸ்களையும் வரவழைத்தன. இரண்டிலும் குறை சி.வி.டி. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் மின்னணு ஆயில் பம்ப் கன்ட்ரோலரில்தான். கிரெட்டா ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், செல்டோஸ் ஆந்திராவின் அனந்தபூர்ப் பகுதியிலும் தயாராகின்றன. மாருதியின் கிராண்ட் விட்டாராவும் டொயோட்டாவின் ஹைரைடரும் பிடதியில் ஒரே கூரையின் கீழ் உருவாகின்றன. 2023 ஜனவரியில் பின் இருக்கை சீட் பெல்ட்டைத் தாங்கும் பிராக்கெட்டுக்காக 11,177 கிராண்ட் விட்டாராக்கள் வந்தன. அதே குறைக்காக ஹைரைடர்களும் வந்தன. பின் இருக்கையில் பெல்ட் போடும் பழக்கமே இல்லாத குடும்பங்களில் இந்தக் குறை கடைசிவரை யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கும்.

வண்டி கணினியாக மாறியதன் விளைவும் பட்டியலில் தெரிகிறது. கியா கேரன்ஸில் 44,174 வண்டிகள் 2022 அக்டோபரில் ஏர்பேக் கன்ட்ரோல் மென்பொருளுக்காகவும், 30,297 வண்டிகள் 2023 ஜூனில் வேகம் காட்டும் திரை கறுத்துப்போகக்கூடும் என்பதற்காகவும் வரவழைக்கப்பட்டன. இவை போனிலோ லேப்டாப்பிலோ செய்வதுபோன்ற அப்டேட்தான் என்று அலட்சியம் காட்டுவது தவறு. 2023 ஜனவரியில் மாருதி 17,362 கார்களின் ஏர்பேக் கன்ட்ரோலரை மாற்ற அழைத்தது. மாற்றும்வரை வண்டியை எடுக்கவே வேண்டாம் என்று சொன்னது. பிரெஸ்ஸாவும் கிராண்ட் விட்டாராவும் அதில் இருந்தன. அறிவிப்பில் முதலில் பார்க்கவேண்டிய வரி இதுதான்: வண்டியை ஓட்டிவரலாமா, கூடாதா?

திருவானைக்காவலில் உள்ளவர்கள் கவனிக்கவேண்டிய இன்னொரு அறிவிப்பு 2021 செப்டம்பரில் வந்தது. 2018 மே முதல் 2020 அக்டோபர் வரை செய்த 1,81,754 பெட்ரோல் கார்களின் மோட்டார் ஜெனரேட்டரைச் சோதிக்க மாருதி அழைத்தது. விட்டாரா பிரெஸ்ஸா, எர்டிகா, எக்ஸ்.எல்.6 ஆகியவையும் இதில் அடங்கும். வேலை முடியும்வரை தண்ணீர் தேங்கிய இடங்களில் ஓட்டவேண்டாம், மின்சாதனங்கள்மேல் நேரடியாகத் தண்ணீர் பீய்ச்சவேண்டாம் என்றும் அறிவுறுத்தியது. பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரியது இங்குள்ள ஜம்புகேஸ்வரர் கோயில், அதன் கருவறையிலேயே நீர் ஊறும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த ஊர் வாழைத்தோப்புச் சாலைகளிலும் பள்ளமான தெருக்களிலும் தண்ணீர் நிற்பது புதிதல்ல. அந்த எச்சரிக்கை இங்கே வெறும் சம்பிரதாய வரி அல்ல.

இனி, ரீகாலில் வராத பழுதுகள். முதலில் சொல்லவேண்டியது டீசல் வண்டியின் டி.பி.எஃப். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதிகள் வந்தபின் டீசல் எஸ்.யூ.வி.களில் கரியைப் பிடித்துவைக்கும் இந்த வடிகட்டி வழக்கமாயிற்று. பிடித்த கரி எரிந்து சாம்பலாக, புகைக்குழாய் நன்றாகச் சூடேறவேண்டும். அதற்குச் சீரான வேகத்தில் சுமார் 20 நிமிடமாவது ஓடவேண்டும். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, காவிரிப் பாலம் தாண்டிச் சத்திரம் பேருந்து நிலையம் போய் வருவதோடு முடிகிற வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. பாதியில் நின்றுபோகும் சுத்திகரிப்பால் டீசல் கசிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும், ஆயில் அளவு ஏறும். டி.பி.எஃப். எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் சென்னை நெடுஞ்சாலையில் சமயபுரம் தாண்டிப் பாடாலூர் வரை நிதானமாக ஓட்டித் திரும்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் அணையாவிட்டால் சர்வீஸ் சென்டரில் கருவி பொருத்தி எரிக்கவேண்டும். விளக்கைப் பொருட்படுத்தாமல் மாதக்கணக்கில் ஓட்டினால் வடிகட்டியையே மாற்றும்படி ஆகும், செலவு பெரிது. மாதம் சில நூறு கிலோமீட்டர் மட்டும், அதுவும் ஊருக்குள்ளேயே ஓட்டுகிற வீட்டுக்குப் பெட்ரோல் வண்டியே பொருத்தம். இதை ஷோரூமில் யாரும் வற்புறுத்திச் சொல்வதில்லை.

அடுத்தது சன்ரூஃப். கண்ணாடியைச் சுற்றி ஒரு கால்வாய் இருக்கும். மழைநீர் அதில் விழுந்து, நான்கு மூலைகளிலும் உள்ள மெல்லிய குழாய்கள் வழியாகக் கூரையைத் தாங்கும் கம்பங்களுக்குள் இறங்கி, அடியில் சொட்டும். கண்ணாடி ரப்பர் நீரை முழுவதும் தடுப்பதில்லை. தடுக்கவேண்டும் என்ற எண்ணத்தில் அது செய்யப்படவும் இல்லை. பங்குனி, சித்திரையில் வேப்பமரத்தடியில் நிறுத்திய வண்டியில் உதிர்ந்த பூவும் தூசியும் சேர்ந்து இந்தக் குழாய் வாயில் பசைபோல் அடைத்துக்கொள்ளும். அடுத்த மழையில் கூரை விளக்கிலிருந்து தண்ணீர் ஒழுகும். கம்பத்தின் வழியே இறங்கினால் டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஃபியூஸ் பெட்டிவரை போகும். அப்புறம் காரணமே புரியாமல் ஒவ்வொரு விளக்காக எரியும். கூரையைத் திறந்து, கால்வாயில் அரை டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றி, முன்சக்கரத்தின் பக்கம் சொட்டுகிறதா என்று பார்த்தால் போதும். கம்பியால் குத்தினால் குழாய் உள்ளே கழன்றுவிடும்.

வாழைத்தோப்பும் வயலும் பக்கத்தில் இருக்கும் வீடுகளில் எலி ஒரு நிரந்தர எதிரி. சூடான எஞ்சின் அறை அதற்கு வசதியான இடம். கடிபட்ட ஒரு சென்சார் வயரால் வண்டி கிளம்பாமல் நிற்கும். வாரண்டியில் வராது. கம்பி வலையும், சில நாளுக்கு ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்ப்பதும் பயன் தரும்.

உலர் கிளட்ச் வைத்த டி.சி.டி. (இரட்டைக் கிளட்ச்) கியர்பாக்ஸ், ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் சூடேறும். வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தை நோக்கி ஒரு மணி நேரம் அங்குலம் அங்குலமாக நகரும்போது எச்சரிக்கை வந்தால், முன்வண்டிக்கு இடைவெளி விட்டு, நின்று நின்று நகர்வதே நல்லது. பிரேக்கை லேசாக மிதித்தபடி ஊர்வதுதான் கிளட்சை எரிக்கிறது. வேகத்தடைகளில் தேயும் லிங்க் ராடு, புஷ் போன்றவையும், அவ்வப்போது உறைந்துபோகும் டச் ஸ்கிரீனும் எல்லா நிறுவன வண்டிகளிலும் உள்ளவை. ஆனால் ஒரே பழுது மூன்றாம் முறை வந்தால் அதைத் தேய்மானம் என்று விட்டுவிடக் கூடாது. அது குறையாக இருக்கலாம், பலருக்கும் வந்துகொண்டிருக்கலாம். அரசு இணையதளத்தில் பதியும் புகாருக்கு மதிப்பு வருவது இங்கேதான்.

ரீகால் முறை இடறி விழுவது ஆலையிலல்ல, கடைசிக் கட்டத்தில். தகவல் முதல் உரிமையாளரின் பழைய போன் எண்ணுக்கும் பழைய முகவரிக்கும் போகிறது. சென்னையில் வாங்கப்பட்டு, ஐந்தாம் ஆண்டில் கைமாறி, ஸ்ரீரங்கம் ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றமான வண்டியின் புதிய சொந்தக்காரருக்கு அது வந்து சேர்வதே இல்லை. நம்பர் பிளேட்டில் டி.என். 48 என்று பார்த்து இங்கத்திய வண்டி என்று வாங்கினாலும், அதன் பழைய சர்வீஸ் எந்த ஊரில் நடந்தது என்று அந்தப் பலகை சொல்லாது. வெளி மெக்கானிக்கிடம் மட்டும் சர்வீஸ் செய்பவருக்கும் இதே நிலை. பதிவைப் புதுப்பிக்கும்போது நடக்கும் பரிசோதனை பிரேக்கையும் விளக்கையும் புகையையும் பார்க்கும். ஏர்பேக்குக்குள் இருக்கும் குப்பியைப் பார்க்காது. ஜெர்மனியில் ரீகால் வேலையைச் செய்துகொள்ளாத வண்டியின் பதிவையே முடக்க முடியும். டீசல் புகை மோசடியில் சிக்கிய சில ஃபோக்ஸ்வாகன் வண்டிகளுக்கு அப்படி நடந்தும் இருக்கிறது. அவ்வளவு கடுமை இங்கே வேண்டுமா என்று வாதிடலாம். பெயர் மாற்றத்தின்போது நிலுவையிலுள்ள ரீகாலைச் சொல்லும் ஒரு வரியாவது வேண்டும் என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

அதுவரை சொந்தக்காரரே தேடிப்பார்க்கவேண்டும். அதற்குத் தேவையானது ஆர்.சி.யில் உள்ள 17 இலக்க சேஸிஸ் எண். அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகள் வராது, ஒன்றோடும் சுழியோடும் குழம்பக்கூடாது என்பதற்காக. முதல் மூன்று எழுத்துகள் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும். ரீகாலில் அடங்குமா என்பதை முடிவுசெய்வது இந்த எண்தான், வாங்கிய ஆண்டல்ல. 2022 நவம்பர் தொடக்கத்தில் செய்த கிராண்ட் விட்டாரா 2023 பொங்கலுக்குப் பதிவாகியிருக்கலாம். ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் ஆண்டும் தனியாக அச்சாகியிருக்கும், அதைத்தான் பார்க்கவேண்டும். நிறுவனங்களின் இணையதளங்களில் இந்த எண்ணை இட்டுப் பார்க்க வசதி உண்டு. அந்த நிறுவனத்தின் எந்த சர்வீஸ் சென்டரும் சொல்லும், வண்டியை அங்கே வாங்கியிருக்கவேண்டியதில்லை. வேலை முடிந்ததும் ஜாப் கார்டில் ரீகால் வேலை என்று எழுதி வாங்கவேண்டும். பின்னால் விற்கும்போது அந்தத் தாள் விலையைக் குறைக்காது, கூட்டும்.

குறையை நிறுவனம் ஒப்புக்கொள்ளாதபோது நுகர்வோர் நீதி முறை இருக்கிறது. 2017 நவம்பரில் டெல்லி–பானிப்பட் நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் ஒரு கிரெட்டாவின் ஏர்பேக்குகள் விரியவில்லை. ஓட்டியவருக்குத் தலையிலும் நெஞ்சிலும் பல்லிலும் காயம். ஏர்பேக் விரியும் அளவுக்கு மோதல் பலமாக இல்லை என்றது ஹூண்டாய். நுகர்வோர் ஆணையம் 3 லட்ச ரூபாய் இழப்பீடும், வண்டியை மாற்றித் தரவும் உத்தரவிட்டது. 2022 ஏப்ரல் 20-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வேகத்தையும் விசையையும் கணக்கிட வாங்குபவர் இயற்பியல் நிபுணர் அல்ல, முன்பக்கம் மோதினால் ஏர்பேக் விரியும் என்று அவர் நம்புவது நியாயமே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். திருவானைக்காவலில் இருப்பவர் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 50 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். குடும்ப எஸ்.யூ.வி.கள் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம், பல புகார்கள் அங்கேயே தீர்கின்றன. வழக்கு என்று வந்தால், காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்யவேண்டும். ஒவ்வொரு முறையும் வண்டியை விட்டபோது வாங்கிய ஜாப் கார்டுகள்தான் அங்கே முதல் சாட்சி.